ஆங்கிலம் அறிவோம்: ‘போடு’வுக்கு இங்கிலீஷில் என்ன?



போன மாதம் வகுப்புத் தேர்வில் ‘நான் பார்த்த புயல்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். எனக்கு உடனே கஜா புயல்தான் ஞாபகம் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை தென்னந்தோப்புகள் சாய்ந்தன என்று உங்களுக்கே தெரியும். அதில் எங்க தாத்தா தோப்பும் ஒன்று. அதனால் ரொம்ப ஆர்வமா எழுதினேன்.

“பிக் ரெயின் கேம். பிக் விண்ட் கேம். அவர் ட்ரீஸ் வென்ட்.”

பத்துக்கு மூணு மார்க்! ஸ்பெல்லிங் தப்பு இல்லை, டென்ஸ் தப்பு இல்லை. அப்புறம் ஏன் என்று டீச்சரிடம் போய்க் கேட்டேன். “வார்த்தை எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா தப்பான ஜோடியா சேர்த்து வச்சிருக்கே” என்றார். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வார்த்தைக்கு ஜோடி உண்டு

எந்த மொழியிலும் வார்த்தைகள் தனியாக வருவதில்லை. தமிழில் காற்று ‘வீசும்’, மழை ‘பெய்யும்’, இடி ‘இடிக்கும்’. “காற்று பெய்தது” என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இலக்கணப்படி அதில் குற்றம் இல்லை, ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. இந்த ஜோடிக்கு ஆங்கிலத்தில் ‘கொலொகேஷன்’ என்று பெயர். தமிழில் சொற்சேர்க்கை எனலாம்.

இப்போ ‘போடு’ என்ற நம்ம வினைச்சொல்லை எடுத்துக்குவோம். டிக்‌ஷனரியில் ‘புட்’ என்று இருக்கும். அதை நம்பி எல்லா இடத்திலும் ‘புட்’ போட்டால் மாட்டிக்குவோம்! பாருங்கள்:

1. டீ போடு – மேக் டீ
2. கணக்குப் போடு – டூ எ சம்
3. மாத்திரை போடு – டேக் எ டேப்லட்
4. ஊசி போடு – கிவ் அன் இஞ்செக்‌ஷன்
5. கோலம் போடு – ட்ரா எ கோலம்
6. லைட் போடு – ஸ்விட்ச் ஆன் தி லைட்
7. ஓட்டுப் போடு – காஸ்ட் எ வோட்
8. சத்தம் போடாதே – டோன்ட் மேக் எ நாய்ஸ்
9. கையெழுத்துப் போடு – ஸைன் (ஒரே வார்த்தை!)
10. சட்டை போடு – போடுகிற செயல் என்றால் புட் ஆன், போட்டிருக்கிற நிலை என்றால் வேர்

பத்தில் ஒன்றில்தான் ‘புட்’ வருகிறது. அதுவும் ‘ஆன்’ துணையோடு! வகுப்புத் தலைவர்களே, இனிமேல் “டோன்ட் புட் சவுண்ட்” என்று கத்தாதீங்க, ப்ளீஸ்!

தமிழ் மட்டும் சளைத்ததா?

ஆங்கிலம்தான் குழப்புது என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ‘வேர்’ என்ற ஒரே வினை போதும். நமக்கோ சேலை கட்டணும், பூ வைக்கணும், வளையல் போடணும். ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படித்து “பூ கட்டியிருக்கிறாள்” என்றால் பூக்கட்டும் வேலை என்றுதான் நமக்குப் புரியும்.

‘ஓட்டு’ என்பதையும் பாருங்கள். பஸ் ஓட்டினால் ட்ரைவ், விமானம் ஓட்டினால் ஃப்ளை, சைக்கிள் ஓட்டினால் ரைடு. 1991-92இல் நம்ம மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ட்ரைவ்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘ரைடு’ என்று எழுதுங்கள். (வேலை இல்லாமல் ‘ஈ ஓட்டுறவங்களுக்கு’ ஆங்கிலத்தில் என்ன என்று டீச்சரைக் கேளுங்க!)

மூன்று வகை ஜோடிகள்

1. வினையும் பெயரும்: மேலே பார்த்த பட்டியல்.
2. பெயரடையும் பெயரும்: கனமழை – ஹெவி ரெயின். பலத்த காற்று – ஸ்ட்ராங் விண்ட். கடுமையான காய்ச்சல் – ஹை ஃபீவர். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், காய்ச்சலுக்கு ஹை. எல்லாவற்றுக்கும் ‘பிக்’ உதவாது.
3. பெயர் முன்னால், வினை பின்னால்: காற்று வீசியது – தி விண்ட் ப்ளூ. புயல் தாக்கியது – தி சைக்ளோன் ஹிட். மழைக்கு ஆங்கிலத்தில் தனி வினையே இருக்கிறது: இட் ரெயின்ட்.

இதை ஆராய்ந்தவர்கள்

நமக்கு மட்டும் இந்தக் கஷ்டம் இல்லை. ஜப்பான் மாணவர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள். டோக்கியோவில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹெரால்டு பால்மர் 1933இல் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஹார்ன்பி 1942இல் டோக்கியோவிலேயே மாணவர்களுக்காக ஓர் அகராதியைக் கொண்டுவந்தார். அதுதான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்து, இன்று வரை புதுப்பதிப்புகள் காண்கிறது. அதில் அர்த்தத்தோடு நிற்காமல் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். ஜோடி அங்கேதான் இருக்கும்.

எப்படிக் கற்பது?

லீவ் லெட்டரில் “ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்பதை நம்மில் யாராவது தப்பா எழுதுகிறோமா? கிடையாது! ஏன்? அதை ஒவ்வொரு வார்த்தையாகப் படிக்கவில்லை, மொத்தமாகப் படித்தோம். அதே வழிதான் எல்லாவற்றுக்கும். நோட்டில் ‘ரெயின் – மழை’ என்று எழுதாமல் ‘ஹெவி ரெயின் – கனமழை’ என்று எழுதுங்கள். தினம் மூன்று ஜோடி போதும்.

என் பத்தியைத் திருத்தி எழுதிக் காட்டினேன்:

“சைக்ளோன் கஜா ஹிட் அவர் டிஸ்ட்ரிக்ட் இன் 2018. இட் ரெயின்ட் ஹெவிலி. ஸ்ட்ராங் விண்ட்ஸ் ப்ளூ டில் மார்னிங். வி லாஸ்ட் அவர் கோகனட் ட்ரீஸ்.”

முதலில் “ட்ரீஸ் வென்ட்” என்று எழுதியிருந்தேன். மரம் எங்கேயோ நடந்து போன மாதிரி! ‘லாஸ்ட்’ என்று எழுதிய பிறகுதான் நாங்கள் இழந்தது அதில் வந்தது. தாத்தாவிடம் வாசித்து அர்த்தம் சொன்னேன். “ஆமாப்பா, சரியா எழுதியிருக்கே” என்றார். அந்த ஏழு மார்க் போனாலும் பரவாயில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி

1. பொய் சொல்லாதே: ‘ஸே எ லை’யா, ‘டெல் எ லை’யா?
2. தப்பு செய்தேன்: ‘டிட் எ மிஸ்டேக்’கா, ‘மேட் எ மிஸ்டேக்’கா?
3. வீட்டுப்பாடம் செய்: ‘மேக் ஹோம்வொர்க்’கா, ‘டூ ஹோம்வொர்க்’கா?
4. திக்கான டீ: ‘பவர்ஃபுல் டீ’யா, ‘ஸ்ட்ராங் டீ’யா?

விடைகள்: நான்கிலும் இரண்டாவதே சரி. (முன்னாடியே கண்டுபிடிச்சிட்டீங்களா? சபாஷ்!)

உங்களுக்குத் தெரிந்த ‘போடு’ ஜோடிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.

– பதினோராம் வகுப்பு மாணவன்