ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸா?

மூட்டுவலிக்காக ரத்தம் கொடுத்தவருக்கு ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் எல்லோரும், உடலின் நோயெதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு என்பது சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தாலே விளங்கும். ரத்தத்தில் தெளிந்த சீரத்தை 40, 80, 160 மடங்கு என்று நீர்க்கவைத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மனித செல்கள்மேல் விடுகிறார்கள். செல்லின் உட்கருவோடு ஒட்டும் ஆன்டிபாடிகள், அதாவது ஏ.என்.ஏ., அதில் இருந்தால், ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கையில் உட்கரு பச்சையாக மின்னும். எத்தனை மடங்கு நீர்த்தும் மின்னுகிறது என்பதுதான் 1:80, 1:160 என்ற எண். 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நோயே இல்லாதவர்களில் 1:40 அளவில் சுமார் 32 சதவீதத்தினருக்கும், 1:80-ல் 13 சதவீதத்தினருக்கும் பாசிட்டிவ் வந்தது. தைராய்டு கோளாறு, முதுமை, சில மருந்துகள் ஆகியவற்றாலும் வரும்.

பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்கலாம். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இது பாசிட்டிவாக இருக்கும். ஆகவே நெகட்டிவ் வந்தால் லூபஸுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் ஆய்வுகளுக்காக வகுத்த விதிகளும் 1:80-ஐ முதல் நிபந்தனையாக மட்டுமே வைத்தன. அதன்மேல் கன்னத்துச் சிவப்பு, மூட்டுவீக்கம், சிறுநீரில் புரதம், டி.என்.ஏ.வோடு ஒட்டும் டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி, ரத்தத்தில் குறைந்த சி3, சி4 புரதங்கள் என மதிப்பெண்கள் சேர்ந்து 10 ஆக வேண்டும். அதில் ஒன்றாவது உடலில் தெரியும் பாதிப்பாக இருக்க வேண்டும்.

‘எதற்கும் இருக்கட்டும், மருந்தைத் தொடங்கிவிடலாமே’ என்பது அடுத்த வாதம். லூபஸே இல்லாதவருக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஆனால் இதைப் படித்துவிட்டு, உண்மையிலேயே அறிகுறி உள்ள ஒரு பெண் ‘வெறும் ஏ.என்.ஏ.தானே’ என்று இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பெரிய கவலை. லூபஸில் சிறுநீரகம் வலியில்லாமலே கெடும். நுரைக்கும் சிறுநீர், காலையில் முக வீக்கம், ஏறிய ரத்த அழுத்தம் இவை தெரியும்முன்பே சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். லூபஸ் உறுதியானால் பெரும்பாலோருக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் அடிப்படை மருந்து. கண்ணுக்குக் கெடுதல் என்று பயந்து அதைத் தாங்களாகவே நிறுத்துவோர் உண்டு. எடையில் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்து, விழித்திரையை முறையாகச் சோதித்து வந்தால் அந்த ஆபத்து குறைவு. நோய் அடங்கிவிட்டதா என்று பார்க்க ஏ.என்.ஏ.யையே திரும்பத் திரும்ப எடுப்பதும் வீண்செலவு. நோய் தணிந்த பிறகும் அது பாசிட்டிவாகவே நிற்கக்கூடும். கவனிக்க வேண்டியவை சிறுநீர்ப் புரதம், சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. அளவுகள்.