போர்வையில் கண்ட மாறி

ஆறாம் வகுப்பில் 'மாறி' என்று கரும்பலகையில் எழுதினாலே சில முகங்கள் வாடிவிடும். சென்ற ஆண்டு அந்தப் பாடத்துக்குக் குரோஷா ஊசியும் உல்லன் நூலும் எடுத்துச் சென்றேன். ஊசி பிடிக்கப் பழகவே ஒரு வாரம் ஆயிற்று.

நடுவிலிருந்து விரியும் சதுரம்; சுற்றுக்கு ஒரு நிறம். மூன்று பின்னல்கள் சேர்ந்தால் ஒரு கொத்து. முதல் சுற்றில் மூலைக்கு ஒன்றாக 4 கொத்துகள். இரண்டாவதில் மூலைக்கு இரண்டாக 8. மூன்றாவதில் பக்கத்துக்கு ஒன்று கூடி 12.

"பத்தாவது சுற்றில்?" என்று கேட்டேன்.

"40. சுற்றின் எண்ணை நாலால் பெருக்கினால் போதுமே டீச்சர்" என்றாள், அதுவரை கணக்கு வகுப்பில் வாய் திறக்காத மாணவி. அந்தச் 'சுற்றின் எண்'தான் மாறி என்று அப்போதுதான் எழுதினேன்.

ஒரு மாணவனின் சதுரம் மூலையில் சுருண்டது. "எண்ணிப் பார்" என்றேன். மூன்றாம் சுற்றில் 11 கொத்துகள்! அவனே பிரித்துச் சரிசெய்தான். சிவப்பு மைக்கு வேலையில்லை.

24 பேர், ஆளுக்கு 2 சதுரம். 6 வீதம் 8 வரிசையாக இணைத்த போர்வை இப்போது அருகிலுள்ள அங்கன்வாடியில் இருக்கிறது.

நூல் கிடைக்காவிட்டால் புளியங்கொட்டைகளை இதேபோல் அடுக்கலாம். குழந்தைகள் எண்ணி முடிக்கட்டும். வாய்பாட்டைப் பிறகு எழுதுவோம்.