காசில்லாமல் அனாடமி படிக்க

நர்சிங், பிசியோதெரபி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களின் ஃபோனில் நாற்பது வீடியோ சேமித்திருக்கும். இதயத்தை வரையச் சொன்னால் பேனா நகராது.

முதலில் புத்தகம். ஒன்றே போதும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘அனாடமி அண்ட் ஃபிசியாலஜி’, 2ஆம் பதிப்பு, 2022இல் வந்தது. பி.டி.எஃப். இலவசம். பெரிய கோப்பு, வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரே தடவை இறக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 28 அத்தியாயம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், வேதியியலிலேயே மூச்சு முட்டிவிடும். வகுப்பில் இன்று இதயம் என்றால் 19ஆம் அத்தியாயம்.

அடுத்து வீடியோ. ஒரு பாடத்துக்கு இரண்டு, அதற்குமேல் கூடாது. யூடியூபில் ‘கிராஷ் கோர்ஸ்’ சேனலின் அனாடமி தொடரில் 47 பகுதி இருக்கிறது. அதை நடத்தும் ஹேங்க் கிரீன் மூச்சுவிடாமல் பேசுவார். வேகத்தை 0.75க்குக் குறைத்து, ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குக் கான் அகாடமி இன்னும் தோதுப்படும். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வரைந்துகொண்டே சொல்வார்கள்.

இனிமேல்தான் எல்லோரும் சறுக்குகிற இடம். வீடியோ முடிந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைத்தாளில் இதயத்தின் நான்கு அறைகளையும், ரத்தம் போகும் வழியையும் பார்க்காமல் வரையுங்கள். அழகு வேண்டாம், நான்கு கட்டம் போதும். ஆனால் வரைவதற்கு முன்னால், தாளில் உங்கள் இடக்கைப் பக்கம் ‘வலது’ என்று எழுதுங்கள். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது நமக்கு இடது. இதைத் தவறவிட்டு ஒரு மாணவி மூன்று நாள் நுரையீரல் சிரையை வலது ஏட்ரியத்தில் கொண்டுபோய்ச் செருகினாள். ஓரத்தில் ‘வலது’ என்று எழுதவைத்த பிறகுதான் நேரானது.

இன்னொரு சறுக்கல், பள்ளியில் படித்த ‘தமனி என்றால் சுத்த ரத்தம்’. நுரையீரல் தமனி நீலத்தில் இருப்பதைப் பார்த்ததும் படம் தப்பு என்பார்கள். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் சிரை. நிறத்தை மறந்துவிடுங்கள். வரைந்து முடித்தபின் புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவில் திருத்துங்கள். மறுநாள் புதுத்தாளில் திரும்ப. சிவப்பு குறையும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

ஃபிசியாலஜியை வரைந்து மட்டும் பிடிக்க முடியாது, கணக்குப் போட வேண்டும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேறினால் நிமிடத்துக்கு 5250 மி.லி., அதாவது ஐந்தே கால் லிட்டர். அடுத்து, துடிப்பு 150 ஆனால் என்ன ஆகும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒரு துடிப்புக்கு 0.4 வினாடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். அடி வாங்குவது இதயம் விரிந்து ரத்தம் நிரம்பும் நேரம். மிதமிஞ்சிய வேகத் துடிப்பில் நோயாளிக்கு ஏன் தலை சுற்றுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பெயர்களை உருப்போடாதீர்கள், உடைத்துப் பாருங்கள். மயோ தசை, பெரி சுற்றி, எண்டோ உள்ளே, கார்டியோ இதயம், ஐட்டிஸ் அழற்சி. மயோகார்டைட்டிஸ் என்ன என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

படத்துக்கு ‘கிரேஸ் அனாடமி’ புத்தகத்தின் 1918ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படத்தை மட்டும் பாருங்கள். எழுத்து பழசு, பல பெயர்கள் மாறிவிட்டன. 1858இல் வந்த முதல் பதிப்புக்குப் படம் வரைந்த கார்ட்டர் பின்னால் பம்பாய்க்கு வந்து, நம் மதுரையின் பெயரைத் தாங்கிய ‘மதுராக் கால்’ நோயை ஆராய்ந்தவர். தேர்வுக்கு வராது, சும்மா சொல்லிவைத்தேன்.

கடைசியாக, மறக்காமலிருக்க ‘ஆன்கி’ என்ற ஃபிளாஷ்கார்டு செயலி. அடுத்தவர் செய்த ஆயிரக்கணக்கான கார்டுகளை இறக்காதீர்கள், ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். உங்கள் தாளில் சிவப்புப் பேனா விழுந்த இடங்களை மட்டும் கார்டாக்குங்கள், நாளைக்குப் பத்து. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோன் செயலி காசு கேட்கும். பிரவுசரில் ஆன்கிவெப் திறந்தால் அந்தக் காசும் வேண்டாம்.