இரவு நெடி ஆபத்தானதா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகே குடியிருக்கிறோம். இரவில் வரும் ரசாயன நெடி உடம்பைக் கெடுக்குமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: நெடியை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். அளவு மிகவும் கூடினால் மோப்பமே மரத்துப்போகும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது.

இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலெழாமல் தங்கிவிடுவதால் நெடி கூடுதலாகத் தெரிகிறது.

எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அமோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறிய மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எனவே கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் இருந்தால் அலட்சியம் கூடாது, மருத்துவரைப் பாருங்கள்.

தேதி, நேரம், காற்றின் திசையைக் குறித்துவைத்து, தெருவாசிகள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆலைக்குள் நுழைந்து சோதிக்க, 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வாரியத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது.