கைக்கு எட்டாத தூரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"காலையில இருந்து உட்கார்ந்தாலும் பத்துப் பக்கம் தாண்ட மாட்டேங்குது மாமா, எனக்கு மன உறுதியே இல்ல" என்று சொன்னாய். முதல் பாதியை நம்புகிறேன். இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, குரூப் 4 எழுதியே தீருவேன் என்று வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணிடம் உறுதிக்கு என்ன குறை? உன் போன் இருக்கிற இடம்தான் சரியில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

எங்கள் நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்காகப் படிக்க வருகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். கதவு திறப்பதற்கு முன்பே பையோடு வாசலில் நிற்பார்கள். சோம்பேறி என்று ஒருவரையும் சொல்ல முடியாது. மேஜைமேல் பழைய சமச்சீர் புத்தகம், ஒரு லாங் சைஸ் நோட்டு, தண்ணீர் பாட்டில், போன். போன் பெரும்பாலும் வலது கைப் பக்கம், பேனா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். சத்தம் வராது, சைலண்டில் போட்டிருப்பார்கள். ஒரு பாரா முடியும், கை போகும். மணி பார்ப்பதுபோல ஒரு பார்வை, பிறகு கட்டைவிரல் திரையை மேலே தள்ளும். கண் புத்தகத்துக்குத் திரும்பும்போது, விட்ட வரி எது என்று விரலை வைத்துத் தேடுவார்கள். இத்தனைக்கும் யாரும் கூப்பிடவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. கை தானாகப் போய்விட்டு வந்தது.

இந்தக் 'கை தானாகப் போவதை' அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியை, மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்க்கிறார்கள் என்று பல வருடங்களாகக் கணக்கெடுத்து வந்தார். 2004 வாக்கில் சராசரி இரண்டரை நிமிடம். பிற்பாடு எடுத்த கணக்கில் அது 47 நொடியாகக் குறைந்துவிட்டது. அவர் சொன்னதில் இன்னொரு விஷயத்தை நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: வேலையில் ஏற்படும் தடங்கல்களில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவதில்லை, நாமே நம்மைத் தடுத்துக்கொள்கிறோம். நோட்டிபிகேஷனை எல்லாம் அணைத்தும் உனக்குப் பலன் தெரியாமல் போனது இதனால்தான். அது பாதிக் கதவை மட்டும்தான் சாத்துகிறது.

நாமே ஏன் போகிறோம்? புறாவை வைத்து ஸ்கின்னர் செய்த சோதனைகளைப் பற்றி உன் உளவியல் பாடத்தில் படித்திருப்பாய். புறா பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். எத்தனை கொத்துக்கு ஒருமுறை விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தும். போன் திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வரும் என்ற ஏற்பாடும் இதே வகைதான். சில சமயம் வரும், சில சமயம் வராது. அந்த 'வரலாம்'தான் கையை இழுக்கிறது.

இதற்கு மேல், முடிவு என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வார இதழுக்குப் பின்னட்டை உண்டு. அங்கே வந்ததும் கை தானாக மூடிவைக்கும். 2006இல் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போகிற முறையை உருவாக்கினார். அடுத்த பக்கம் போவதற்கு ஒரு பொத்தானைத் தட்டுகிற சிரமத்தைக் குறைப்பதுதான் அவர் எண்ணம். அது என்னவாக மாறியது என்பதைப் பார்த்து அவரே பின்னாளில் வெளிப்படையாக வருத்தப்பட்டார். பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கரும் 2017இல் பொதுமேடையில் சொல்லிவிட்டார்: மக்களின் நேரத்தையும் கவனத்தையும் முடிந்த அளவு எப்படி எடுத்துக்கொள்வது என்ற யோசனையில்தான் அதைக் கட்டினோம் என்று. கட்டியவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, படிக்கிற பெண் தன்னைத் திட்டிக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

மன உறுதியால் இதை ஜெயிக்கப் பார்க்காதே. பக்கத்தில் இருக்கிற போனை எடுக்காமல் இருப்பதற்கே தனியாகக் கொஞ்சம் கவனம் செலவாகிறது. 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும், இன்னொரு பிரிவினர் பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும், மூன்றாவது பிரிவினர் வேறு அறையில் விட்டுவர வேண்டும். எல்லாப் போனும் சத்தம் இல்லாமல்தான் இருந்தது. நினைவாற்றலையும் யோசனையையும் சோதிக்கும் கணக்குகளைக் கொடுத்தபோது, வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். மேஜையில் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நூலக மேஜைகளில் நான் பார்ப்பது வார்டு சொன்னதை ஒட்டித்தான் இருக்கிறது. போனைப் பையில் போட்டு, அந்தப் பையை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு வருகிற பிள்ளைகள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவர்களுடைய மன உறுதி மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும்போது போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் வழக்கில், தமிழகக் கோயில்களில் போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. உள்ளே போனதும் கொஞ்ச நேரம் கை தேடும். பொற்றாமரைக் குளத்துப் படியில் போய் உட்கார்வதற்குள் அதுவும் நின்றுவிடும். வீட்டில் ஐந்து நிமிடம் போன் இல்லாமல் தவிக்கிறவர்கள் அங்கே நிம்மதியாகச் சுற்றி வருகிறார்கள். யாரும் விரதம் இருக்கவில்லை. எடுக்க வழியில்லை என்று தெரிந்ததும் மனம் கேட்பதை விட்டுவிடுகிறது.

உன் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டெலிபோன் கூடத்தில் ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. அதற்கு ஓர் இடம் இருந்தது. மணி அடித்தால் எழுந்து போய்ப் பேசுவோம், பேசிவிட்டுத் திரும்பி வருவோம். அது யாரோடும் படுக்கைக்கு வந்ததில்லை. உன் போனையும் வீட்டில் இருக்கும்வரை அந்த டெலிபோனைப்போல நடத்து. கூடத்தில் ஓர் இடம் பார், சார்ஜரை அங்கே மாட்டு. போன் அங்கேதான் இருக்கும். யாராவது கூப்பிட்டால் போய்ப் பேசு, பார்க்க வேண்டியதை அங்கேயே நின்று பார், வைத்துவிட்டு வா. நின்றுகொண்டு பார்க்கிறவர் அதிக நேரம் பார்ப்பதில்லை.

"கிளாஸே யூடியூப்ல இருக்கு, கரண்ட் அபேர்ஸ் பிடிஎஃப் டெலிகிராம்ல வருது, போனை எப்படி வைக்கிறது மாமா?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. இதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

பிடிஎஃபை வாரம் ஒருமுறை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடு. தாளில் அடிக்கோடு போட்டுப் படித்தது நிற்பதுபோல் திரையில் படித்தது நிற்பதில்லை என்று எங்கள் நூலகத்துப் பிள்ளைகள் பலரும் சொல்கிறார்கள். வீடியோ வகுப்புக்கு ஒரு நேரம் ஒதுக்கு, பாடப் புத்தகத்துக்கு வேறு நேரம் ஒதுக்கு, இரண்டையும் கலக்காதே. தம்பியின் லேப்டாப் கிடைத்தால் வகுப்பை அதில் பார். அது இல்லையென்றால், வீடியோவை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டு, நெட்டை அணைத்துவிட்டுப் போனிலேயே பார்.

அடுத்தது சந்தேகம். படிக்கிற பிள்ளைகள் கவிழ்கிற இடம் பெரும்பாலும் இதுதான். வைக்கம் போராட்டம் எந்த வருஷம் என்று ஒரு சின்னக் கேள்வி வரும். 'ஒரு நிமிஷம் பார்த்துடலாம்' என்று போனை எடுப்பார்கள். 1924 என்று அரை நொடியில் தெரிந்துவிடும். ஆனால் திரையின் மேற்பகுதியில் யாரோ எதையோ அனுப்பிய அடையாளம் இருக்கும், அதற்குள் போவார்கள், அங்கிருந்து ரீல்ஸ். வருஷம் கிடைத்தது, அரை மணி நேரம் போனது. அதனால் நோட்டுப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள். எந்தச் சந்தேகம் வந்தாலும் அதில் எழுது, படிப்பை நிறுத்தாதே. மதியம் சாப்பிட்ட பிறகு மொத்தமாகத் தேடு. எழுதி வைத்ததில் பாதிக்கு அடுத்த பாடத்திலேயே பதில் இருக்கும்.

மணி பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும். காலையில் எழுப்ப ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள். அலாரத்தைச் சாக்காக வைத்துத்தான் போன் படுக்கைக்கு வருகிறது. தூக்கத்தைத் தின்பது அதுதான்.

அவசரத்துக்கு அழைத்தால் எடுக்காமல் போய்விடுவாயோ என்று அம்மாவுக்குப் பயம் வரும். போனை டூ நாட் டிஸ்டர்பில் போட்டு, அம்மா, அப்பா, தம்பி ஆகியோரின் அழைப்பை மட்டும் அனுமதி. ஆண்ட்ராய்டு போனில் ஒரே நபர் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கவும் வசதி இருக்கிறது. கூடத்திலிருந்து அந்தச் சத்தம் உனக்கு நன்றாகக் கேட்கும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது, செயலிக்கு நேர வரம்பு போடுவது பற்றியும் கேட்டிருந்தாய். செய்து பார், தவறில்லை. ஆனால் வரம்பு போட்ட கையே அதைத் தளர்த்திவிடலாம். தூரத்துக்கு ஈடாக இவற்றை நான் சொல்ல மாட்டேன். இன்ஸ்டாகிராமைத் தேர்வு முடியும்வரை போனிலிருந்து எடுத்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட மேல். கணக்கு அழியாது, வேண்டும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் நீ தனியாகச் செய்ய முடியாது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022 முதல் தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கிறது. வீடுகளில் போனையும் டிவியையும் நிறுத்தி வைக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 8.30க்கு அடுத்த சைரன். ஊரே சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் அது அங்கே நடக்கிறது. பக்கத்து அறையில் தம்பி ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் உன்னால் படிக்க முடியாது. உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். மாலை ஒன்றரை மணி நேரம் வீட்டில் எல்லாப் போனும் கூடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும்தான். பெரியவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் 'வை' என்று சொல்வதில் பலன் இல்லை.

முதல் ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும். கை தேடும், சலிப்பாக இருக்கும், யாரோ எதையோ அனுப்பியிருப்பார்கள் என்று அடித்துக்கொள்ளும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் போனை எடுக்காமல் சும்மா நின்று பழகு. அந்தச் சலிப்பைத் தாங்குகிற பழக்கம்தான் தேர்வு அறையிலும் வேண்டியிருக்கிறது. மூன்று மணி நேரம், 200 கேள்வி. ஒரு கேள்விக்கு 54 நொடி. போன் வெளியே இருக்கும், உன் கவனம் மட்டும்தான் உன்னோடு உள்ளே வரும். வீட்டில் இருபது நிமிடம்கூடத் தொடர்ந்து உட்காராதவர்களுக்கு இரண்டாவது மணி நேரத்தில் கேள்வியைப் படித்தாலே மண்டையில் ஏறாது. தெரிந்த விடையைத் தப்பாகக் குறித்துவிட்டு வந்து அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உனக்கு அது நேரக்கூடாது.

எல்லாவற்றையும் நாளைக்கே செய்ய வேண்டாம். இன்று ராத்திரி சார்ஜரை மட்டும் உன் அறையிலிருந்து கழற்றிக் கூடத்தில் மாட்டு. ஒரு வாரம் கழித்து எத்தனை பக்கம் போகிறது என்று எனக்கு எழுது. கார்டில் எழுது, தபாலில் போடு.

அன்புடன்,
மாமா