ஜாஸ் கிடாருக்கு அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபையர்

கிடாரில் ஜாஸ் வாசித்து, அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய விரும்புகிறீர்களா? ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைப் பெரிதும் குறைத்துவிடும். அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலானவற்றில் ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரும் இருக்கும். எனவே கிடாரின் ஒலி அதிகம் மாறாமல் கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்க வேண்டிய ஜாஸுக்கு இது பொருந்தும். ஒலி காதைக் குத்தினால் ட்ரெபிளைக் குறையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. இன்புட் இம்பீடன்ஸ்: காந்த பிக்அப் உள்ள கிடாருக்கு 1 மெகாஓம் போதும். இது மிகவும் குறைந்தால் ஒலி மந்தமாகிவிடும்.

2. நாட்ச் ஃபில்டர்: உள்ளே வெற்றிடம் உள்ள ஜாஸ் கிடார்களில் ஒலியைக் கூட்டினால் ‘ஊ’ என்ற ஊளைச் சத்தம் எழும். அந்த அலைவரிசையை மட்டும் குறைக்க இது உதவும்.

3. லைன் அவுட்: பதிவு செய்ய இது அவசியம்.

லைன் அவுட்டிலிருந்து வரும் கேபிளைக் கம்ப்யூட்டரின் இளநீல நிற லைன் இன் துளையில் செருகுங்கள். ஆம்ப்ளிஃபையரின் துளை 6.35 மி.மீ., கம்ப்யூட்டரின் துளை 3.5 மி.மீ. என்பதால் அதற்கேற்ற கேபிள் தேவை. லைன் இன் இல்லாத லேப்டாப்பிற்கு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும்.

எச்சரிக்கை! ஸ்பீக்கர் அவுட்டை ஒருபோதும் கம்ப்யூட்டருடன் இணைக்காதீர்கள். சவுண்ட் கார்டு பழுதாகிவிடலாம்.

கடைக்குச் செல்லும்போது உங்கள் கிடாரையே எடுத்துச் சென்று, வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.