நட்டு சின்னது, நஷ்டம் பெரியது

ஒற்றை நாற்று நடவில் முதல் களையை நாள் தவறாமல் எடுத்தாக வேண்டும். களைக்கொல்லி என்கிற குறுக்குவழி நம்மிடம் கிடையாது. போன சம்பாவில் நட்ட 12ஆம் நாள் கோனோவீடரை இறக்கினோம். இரண்டாவது வயலில் பாதி ஓட்டும்போதே முன் உருளை தனியே கழன்று சேற்றில் கிடந்தது. அச்சு போல்ட் இருக்கு, நட்டைக் காணோம். சேற்றுக்குள் அதைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமா?

பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். மாதிரிக்கு போல்ட்டைக் கையில் எடுத்துப் போகவில்லை. "இரண்டரை நூல் நட்டு" என்று வாயால் கேட்டு வாங்கி வந்தேன். விரலால் இரண்டு சுற்று போச்சு, அப்புறம் இறுகிச்சு. நல்லா பிடிக்குதே என்று ஸ்பேனர் போட்டு முடுக்கிவிட்டேன். மறுநாள் காலை உருளை மறுபடியும் கழன்றது. வீடரை வரப்பில் தூக்கி வைத்த அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனை கிழித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள். மூன்று நாள் அவரால் சேற்றில் இறங்க முடியவில்லை. அந்த மூன்று நாள் கூலியைக் கொடுத்தேன். "வலி எனக்குத்தானே சார்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எத்தனையோ செக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். மரை ஒத்துப்போகுதா என்று பார்க்கவில்லை.

லேத் பட்டறைத் தம்பிதான் விளக்கினார். என் வீடரில் இருந்தது 8 எம்.எம். போல்ட். நான் வாங்கியது இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குல நட்டு. கனத்தில் இது 7.94 எம்.எம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மரையில் இருக்கிறது. சாதாரண 8 எம்.எம். போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 எம்.எம். இடைவெளி. இரண்டரை நூலில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது சுமார் 1.41 எம்.எம். முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு ஒன்றையொன்று அறுக்கும். அந்த அறுப்பைத்தான் நான் பிடிமானம் என்று நினைத்தேன்.

ஆகவே பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே நட்டை விரலால் போட்டுப் பாருங்கள். போல்ட் சுத்தமாக இருந்தால், நைலான் இல்லாத சாதாரண நட்டு கடைசி வரை விரலாலேயே ஓட வேண்டும். இரண்டு போல்ட்டுகளை ஒப்பிட, மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லோடு பல் முழு நீளமும் படிந்தால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேறு. ஸ்பிரேயரில் வருகிற 4, 5 எம்.எம். மிஷின் ஸ்க்ரூவுக்கும் இதே சோதனைதான்.

அடுத்தது, எந்த இடத்துக்கு எந்த நட்டு. கோனோ உருளை சுழல வேண்டும், அதனால் நட்டை முழுசாக முடுக்க முடியாது. முடுக்காத இடத்தில் ஸ்பிரிங் வாஷர் போட்டும் பயனில்லை, அது அழுத்தத்தில்தான் வேலை செய்யும். இங்கே நைலாக் நட்டு போடுங்கள். உள்ளே ஒரு நைலான் வளையம் இருக்கும், அது மரையைக் கவ்விக்கொள்வதால் முடுக்காமலே நிற்கும். போல்ட் முனை அந்த வளையத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மரை வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் பிடி இல்லை. அதற்கு மேல் நீண்டால் அறுத்து ராவிவிடுங்கள், காலைக் கிழிப்பது அந்த நீளம்தான். கழற்றி மாட்டும்போது விரலாலேயே முழுசாக ஓடுகிற நைலாக், செத்த நைலாக். தூக்கிப் போடுங்கள்.

நைலாக் கிடைக்காத ஊரில் இரண்டு நட்டு போடலாம். மெல்லிய நட்டு கீழே, கனமானது மேலே. கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

பவர் வீடர் சைலன்சரில் மட்டும் நைலாக் வேண்டாம், சூட்டில் நைலான் இளகிவிடும். அங்கே ஸ்பிரிங் வாஷரோடு சாதாரண நட்டு போட்டு, அடிக்கடி முடுக்கிப் பாருங்கள். பிரஷ் கட்டர் பிளேடு நட்டு பெரும்பாலும் இடமரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் போனால் இன்னும் இறுகும்.

போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் 8 என்று போட்ட நட்டைக் கேளுங்கள். எஸ்.எஸ். போல்ட்டுக்கு எஸ்.எஸ். நட்டு போடும்போது துளி கிரீஸ் தடவுங்கள். வறட்சியாக முடுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு அறுத்துத்தான் எடுக்கணும்.

இப்போது மோட்டார் கொட்டகையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தொங்குகிறது. உள்ளே 6, 8, 10 எம்.எம். நைலாக் பத்துப் பத்து, கூடவே வாஷர். வீடரை இறக்கும் முன் எல்லா நட்டையும் தொட்டுப் பார்ப்பது அந்த அம்மாதான். போன வாரம் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார்: "இது விரல்லயே சுத்துது சார், வேற குடுங்க."